வேலி: தடுப்பும் நிலமும் ஒரே சொல்லா?

ஏடுபெயர்ப்போன் (கேள்வி)

அவையோர்க்கு வணக்கம். காவிரிக் கழிமுகத்தைச் சேர்ந்த பழைய நிலப் பத்திரங்கள் சிலவற்றைத் தட்டச்சு செய்து, இறுதியில் ஒரு சொற்பொருள் அட்டவணையும் சேர்த்துத் தரும் பணியில் இருக்கிறேன். ‘வேலி’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும் இடத்தில் பணி நின்றுவிட்டது.

ஒரே பத்திரத்தில் அச்சொல் இரண்டு விதமாக வருகிறது. செக்குபந்தி (நாற்புற எல்லை) விவரம் சொல்லும் பகுதியில், இன்னாருடைய வேலிக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே அது முள்ளாலோ செடியாலோ அடைத்த தடுப்பு என்பதில் ஐயமில்லை. நான்கு வரி தள்ளி, ‘நஞ்சை வேலி 1 மா 5’ என்று வருகிறது. இங்கே அது நிலத்தின் அளவு. தடுப்பைக் குறிக்கும் சொல் எவ்வாறு தடுப்புக்கு உட்பட்ட பரப்பின் பெயராயிற்று என்பதை அறிய விரும்புகிறேன். அல்லது இவை ஒலியால் மட்டும் ஒத்த இரு வேறு சொற்களா? அட்டவணையில் ஒரே தலைச்சொல்லின் கீழ் இரு பொருள்களாகக் காட்டுவதா, வேலி¹, வேலி² என்று பிரித்துக் காட்டுவதா என்பது இந்த விடையைப் பொறுத்தது.

இதனோடு ஒட்டிய இன்னொரு ஐயமும் உண்டு. செய்தித்தாள்களில் ‘தடுப்பு வேலி’ என்று எழுதுகிறார்கள். வேலி என்றாலே தடுப்புத்தானே? அப்படியிருக்க, முன்னொட்டாக வரும் ‘தடுப்பு’ மிகையா, அல்லது வேலி என்ற சொல்லில் தடுத்தல் என்ற பொருள் நாம் நினைக்கும் அளவுக்கு முதன்மையானதில்லையா?

நெடுங்கணக்கு

தங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று கருதுகிறேன். பழைய நூல்களில் வேலி என்ற சொல் வரும் இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், தடுத்தலைவிடச் சூழ்தலும் காத்தலுமே அச்சொல்லின் முதற்பொருளாகத் தோன்றுகின்றன.

பெரும்பாணாற்றுப்படையிலிருந்து தொடங்கலாம். வேட்டுவராகிய எயினரின் குடியிருப்பைச் சொல்லும்போது ‘வாழ்முள் வேலி’ என்கிறார் புலவர். ஆயர் குடியிருப்பைச் சொல்லும்போது ‘இடுமுள் வேலி எருப்படு வரைப்பின்’ என்கிறார். வாழ்முள் என்பது வேர்விட்டு நிற்கும் முட்செடி. இடுமுள் என்பது வெட்டிக் கொண்டுவந்து இட்ட முள். இன்று உழவர்கள் உயிர்வேலி என்றும் முள்வேலி என்றும் பிரித்துச் சொல்வதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரண்டே அடைமொழிகளில் பிரித்துக் காட்டிவிட்டார்கள். சங்க நூல்களின் சொல்நுட்பத்துக்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது வீரப் பாடல்களை அல்ல, இத்தகைய இடங்களைத்தான். ஆனால் தங்கள் கேள்விக்கு வேண்டியது இரண்டாம் அடியின் முடிவில் உள்ள ‘வரைப்பு’ என்ற சொல். வரைதல் என்றால் எல்லையிடுதல். அதிலிருந்து பிறந்த வரைப்பு எல்லையையும் குறிக்கும், அந்த எல்லைக்கு உட்பட்ட இடத்தையும் குறிக்கும். எருப்படு வரைப்பு என்னும்போது எரு கிடப்பது எல்லைக் கோட்டின் மேல் அன்று, அதன் உட்பரப்பில். சூழ்ந்து நிற்பதன் பெயர் சூழப்பட்டதற்கு ஆகிவருவது தமிழில் அரிய நிகழ்ச்சியே அன்று. கோட்டை என்ற சொல் மதிலையும் குறிக்கிறது, மதிலுக்கு உட்பட்ட இடம் முழுவதையும் குறிக்கிறது. வளைத்தலோடு தொடர்புடைய வளாகம் என்ற சொல் இன்று வளைந்த எல்லையை யாருக்கும் நினைவூட்டுவதில்லை. உள்ளே இருக்கும் கட்டடங்களையும் மரங்களையுமே நினைவூட்டுகிறது. வேலியும் இவ்வழியில்தான் சென்றிருக்கிறது.

இதை ஒரே தொடரில் காட்டும் சான்று பொருநராற்றுப்படையின் இறுதியில் உள்ளது. கரிகாலனை முடத்தாமக் கண்ணியார் பாடிய அந்நூல், ‘சாலி நெல்லின் சிறைகொள் வேலி, ஆயிரம் விளையுட்டு ஆகக் காவிரி புரக்கும் நாடு’ என்று முடிகிறது. ஒரு வேலி நிலம் ஆயிரம் கலம் நெல் விளையும்படி காவிரி காக்கும் நாடு என்பது பொருள். இங்கே வேலி தெளிவாக நிலம். அந்த நிலத்துக்குத் தடுப்பாக நிற்பது ‘சிறை’ என்ற வேறொரு சொல். நீரைத் தேக்கும் வரம்பையே அது குறிக்கிறது. அதாவது வேலி என்பது நிலப்பரப்பின் பெயராக அக்காலத்திலேயே அந்த அளவுக்கு நிலைபெற்றுவிட்டது. அதற்குத் தடுப்பு உண்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் புலவர் தனியாக இன்னொரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. புறநானூற்று 391ஆம் பாடலில் வரும் ‘வேலி ஆயிரம் விளைக நின் வயலே’ என்ற வாழ்த்தும் இதே பொருளில் அமைந்தது. ஆதலால் அளவுப் பொருள் பிற்காலப் பத்திர எழுத்தர்கள் புகுத்தியது என்று கொள்ள வேண்டா.

சூழ்ந்து நிற்பது என்ற பொருளும் அதே காலத்தில் பக்கத்திலேயே வாழ்ந்தது. குறுந்தொகை 76இல் ‘காந்தள் வேலி ஓங்குமலை நன்னாடு’ என்று வருகிறது. காந்தளை யாரும் வரிசையாக நட்டு அடைத்திருக்க மாட்டார்கள். அது தானாகவே மலையைச் சூழ்ந்து பூத்திருக்கிறது, அச்சூழ்தலே அதனை வேலியாக்குகிறது. இவ்வழியில் சொல்லை அதன் எல்லை வரைக்கும் விரித்தவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் மழையைப் போற்றும்போது ‘நாமநீர் வேலி உலகு’ என்கிறார். அச்சம் தரும் கடலையே வேலியாக உடைய உலகம். அங்கே கடல் யாரை எதிலிருந்து தடுக்கிறது என்று கேட்டால் பொருள் கெட்டுவிடும். கடல் சூழ்ந்திருக்கிறது, உலகம் அதற்குள் இருக்கிறது என்பதே சொல்லவந்த செய்தி.

திருக்குறளில் இச்சொல் உருவகமாகிவிடுகிறது. நாணுடைமை அதிகாரத்தில், 1016ஆம் குறளில்,

‘நாண்வேலி கொள்ளாது மன்னோ வியன்ஞாலம்
பேணலர் மேலா யவர்’

என்று வருகிறது. மேன்மக்கள் நாணத்தைத் தமக்கு வேலியாகக் கொள்வார்களே அன்றி, அதனை விட்டு அகன்ற உலகத்தையே பெறுவதாயினும் விரும்பமாட்டார்கள். இந்த இடத்தில் ‘தடை’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். நாணம் ஒருவருக்குத் தடை என்று ஆகி, குறளே தலைகீழாகிவிடும். தடை என்பது வருகிறவனின் பக்கம் நின்று பார்த்த சொல்; வேலி என்பது உள்ளே இருப்பதன் பக்கம் நின்று பார்த்த சொல். அகராதிகள் வேலிக்குக் காவல், மதில், நிலம், ஊர் என்று பல பொருள்களைத் தருவதும், அவற்றுள் ஒன்றுகூடத் தடங்கல் என்ற பொருளை நோக்கிச் செல்லாததும் இதனால்தான்.

ஆகவே ஒரே தலைச்சொல், இரு பொருள் என்பதே என் பரிந்துரை.

கீழ்முந்திரி

நெடுங்கணக்கு அவர்கள் சொன்னதற்கு மேல் பொருள் வரலாற்றில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. கணக்குப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். அட்டவணையில் ‘ஒரு நில அளவு’ என்று எழுதி நிறுத்திவிட்டால், அதைப் பார்ப்பவருக்கு எந்தப் பயனும் இராது.

தஞ்சை வட்டாரத்து வழக்கில் 100 குழி கொண்டது ஒரு மா, 20 மா கொண்டது ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் என்பதால் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். தங்கள் பத்திரத்தில் உள்ள ‘வேலி 1 மா 5’ என்பது 25 மா, அதாவது சுமார் எட்டேகால் ஏக்கர் நிலம். பத்திரத்தில் வேலி என்ற சொல்லை ஒட்டி எண்ணோ, மா, குழி போன்ற சிற்றளவோ வந்தால் அது அளவு. திசைப்பெயரோ ஆள்பெயரோ ஒட்டி வந்தால் அது அடைப்பு. தட்டச்சு செய்யும்போது இந்த ஒரு சோதனையே போதும்.

மா என்ற பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மா என்பது இருபதில் ஒரு பங்கு (1/20). காணி என்பது எண்பதில் ஒரு பங்கு (1/80). முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு (1/320). வேலியை முழு எண்ணாகிய ஒன்றாக வைத்துக்கொண்டு, அதன் பங்குகளுக்கு இந்தப் பின்னப் பெயர்களையே நில அளவின் பெயர்களாகவும் சூட்டிவிட்டார்கள். எனவே ‘மா’ தனக்கென்று ஒரு நீள அகலம் கொண்டு தொடங்கிய அளவு அன்று. வேலியின் இருபதில் ஒன்று என்பதே அதன் பிறப்பு. வேலி இல்லையேல் அந்த வரிசையில் எந்தப் பெயருக்கும் பொருளில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலங்களின் அளவைப் படிப்பவர்கள், முக்காலே, இரண்டு மா, காணி, முந்திரிகை என்று பின்னங்கள் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போவதைக் கண்டு மலைப்பது வழக்கம். முந்திரிகைக்கும் கீழே ‘கீழ்’ என்று ஒரு சொல் போட்டு, மேலே சொன்ன பின்னங்கள் அனைத்தையும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். கீழ் என்றால் 1/320 என்ற மடங்கு. ஆகவே கீழ்முந்திரி என்பது ஒரு வேலியின் 1,02,400இல் ஒரு பங்கு. 6.6 ஏக்கரை அவ்வாறு வகுத்துப் பாருங்கள். இரண்டே முக்கால் சதுர அடிக்குச் சற்று மேல் வரும். ஒருவர் நிற்பதற்கு மட்டும் போதுமான இடத்தையும் ஏட்டில் விட்டுவிடாமல் எழுதிய கணக்கர்களை எண்ணி வியந்துதான் இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டேன். அப்பின்னக் குறியீடுகளுக்கு 2019இல் யூனிகோடு 12ஆம் பதிப்பில் தனி இடம் கிடைத்துவிட்டது. ஏடுகளில் உள்ளபடியே காட்ட விரும்பினால் அவற்றைக் கொண்டிருக்கும் எழுத்துருவைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. காணி என்ற பெயரில் தொண்டை மண்டலத்தில் வழங்கிய அளவு ஏறத்தாழ 1.32 ஏக்கர். வேலியின் எண்பதில் ஒன்றாகிய காணியோ எட்டேகால் சென்ட் மட்டுமே. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் நிலம் பதினாறு மடங்கு பெருகிவிடும். மற்றொன்று, கல்வெட்டுக் காலத்து வேலியை அப்படியே 6.6 ஏக்கராக மாற்றக் கூடாது. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று அளவுகோலின் நீளமே இடத்துக்கு இடம் வேறுபட்டது. கோல் மாறினால் குழி மாறும், குழி மாறினால் வேலியும் மாறும். தங்கள் பத்திரங்கள் பிற்காலத்தவை என்று தெரிவதால் இந்த இரண்டாம் சிக்கல் தங்களுக்கு நேராது.

ஏடுபெயர்ப்போன்

இருவருக்கும் நன்றி. ஒரே தலைச்சொல்லின் கீழ் வைக்கிறேன். மா, காணி, முந்திரி ஆகியவற்றுக்கும் வேலியின் பங்கு என்ற முறையிலேயே விளக்கம் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? ஊர்ப் பெயர்களில் வரும் வேலியை எந்தப் பொருளில் கொள்வது? திருநெல்வேலிக்குச் சொல்லப்படும் தலக்கதையில், இறைவனுக்குப் படைக்கக் காயவைத்த நெல்லை மழை நனைக்காதபடி இறைவனே வேலியாக நின்று காத்தார் என்று வருகிறது. அதோடு, வேல மரத்தின் முள்ளை இட்டு அடைத்ததால்தான் வேலி என்ற பெயர் வந்தது என்று ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். இதை அட்டவணையில் சேர்க்கலாமா?

நெடுங்கணக்கு

வேல மரத்துக் கதையைச் சேர்க்க வேண்டா. இதே சொல் மலையாளத்தில் வேலி என்றும் கன்னடத்தில் பேலி என்றும் வழங்குகிறது. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் பகரத்தில் தொடங்குவது வேர், வில் போன்ற சொற்களிலும் காணப்படும் ஒழுங்கான மாற்றம்தான். இவ்வளவு பரந்து கிடக்கும் ஒரு சொல்லை ஒரு மரத்தின் பெயரோடு முடிச்சுப் போடுவதற்கு ஒலியொப்புமை மட்டும் போதாது. அதுவும் காந்தளையும் கடலையும் வேலி என்று பாடிய மொழியில் முள்ளை இன்றியமையாத உறுப்பாகக் கொள்வதற்கு இடமே இல்லை.

ஊர்ப் பெயர்களைப் பொறுத்தவரை, தலக்கதையைக் கதையாகவே பதிவு செய்யுங்கள். நெல்வேலி என்ற பெயர் தேவாரத்தில் உண்டு. ‘திருநெல்வேலி உறை செல்வர்’ என்று சம்பந்தர் பாடுகிறார். ‘நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன்’ என்று சுந்தரர் பாடுகிறார். நெல்வயல் சூழ்ந்த ஊர் என்று சூழ்தல் பொருளிலும் அதைப் படிக்கலாம், நெல் விளையும் நிலம் என்று நிலப்பொருளிலும் படிக்கலாம். இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. வேலி என்ற சொல்லுக்கே இரு முகமும் இருக்கும்போது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நமக்கு என்ன கட்டாயம்? தஞ்சை மாவட்டத்து ஒன்பத்துவேலி போல எண்ணோடு சேர்ந்து வரும் பெயர்களில் மட்டும் அளவுப் பொருள் வெளிப்படையாகத் தெரிகிறது. கீழ்முந்திரி அவர்கள் சொன்ன சோதனை அங்கும் பொருந்தும்.

வடலி

இந்த உரையாடல் முழுவதும் வயலைச் சுற்றியே நடப்பதால், வீட்டைச் சுற்றிய வேலியைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். அந்த வழக்கு மிகச் செழிப்பாக இருப்பது யாழ்ப்பாணத் தமிழில்.

அங்கே வேலியைக் கட்டுவதில்லை, போடுவதுமில்லை, ‘அடைப்பார்கள்’. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை வரிசையாக நட்டால் அவை துளிர்த்து மரமாகும். அவற்றுக்குக் கதியால் என்று பெயர். கதியால்களுக்குக் குறுக்கே தடிகளை வைத்துக் கட்டி, தென்னோலையில் பின்னிய கிடுகையோ பனையோலையையோ நிறுத்திக் கட்டினால் வேலி முடிந்தது. பனைமட்டையின் கருக்கு வெளியே தெரியும்படி அடுக்கினால் அது கருக்குமட்டை வேலி. ஓலை இற்றுப்போகும்போது வேலியைப் பிரித்து, பழைய ஓலையைத் தோட்டத்துக்கு எருவாகத் தாழ்த்துவார்கள். பூவரசங்குழையும் வயலுக்கு எருவாகும். ஆக, வேலி என்பது குறிப்பிட்ட கால இடைவெளியில் பிரித்து மறுபடியும் அடைக்க வேண்டிய பொருள். எல்லைத் தகராறுகள் பல இந்த இடைவெளியில்தான் பிறந்தன. கதியாலை அரைச் சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று தொடங்கி நீதிமன்றம் வரை போன வழக்குகள் இருந்ததால், ‘வேலிச் சண்டை’ என்பது அங்கே தனிச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

வேலியில் திறப்பு வைக்கும் இடத்துக்கும் தனிப் பெயர்கள் உண்டு. முறையான வாயிலில் நிற்பது படலை. வழிப்போக்கர் ஒதுங்குவதற்கு வசதியாக மேலே சிறு கூரை போட்டு அமைப்பது சங்கடப்படலை. பக்கத்து வீட்டாருக்கு இடையே ஆள் நுழையும் அளவுக்கு ஓலையை விலக்கி விட்டிருப்பது பொட்டு. உறவு நன்றாக இருக்கும்வரை பொட்டு திறந்திருக்கும், சண்டை வந்தால் அதை அடைத்துவிடுவார்கள். கல்மதில் பெருகிய பிறகு படலை ‘கேற்’ ஆகிவிட்டது. மதிலில் பொட்டு வைக்க முடியாது என்பதால் அச்சொல் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது.

நெடுங்கணக்கு அவர்களின் விளக்கத்தில் ஓரிடத்தில் எனக்கு மறுப்பு உண்டு. வேலி எப்போதும் உள்ளே இருப்பதன் பக்கம் நிற்கும் சொல் என்பதை முழுதாக ஏற்க இயலவில்லை. ஒளிவுமறைவும் கட்டுப்பாடும் மிகுந்த சமூக வாழ்வைக் குறிக்க ‘கிடுகு வேலி’ என்ற தொடரைக் குறை சொல்லும் தொனியில் எழுதியவர்கள் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் வவுனியாவில் மெனிக் பாம் முதலிய இடங்களில் மக்கள் அடைத்துவைக்கப்பட்டபோது, தமிழ் ஏடுகள் பலவும் ‘முள்வேலி முகாம்’ என்றே எழுதின. அங்கே உள்ளே இருந்தவர்களுக்கு அது காவலாக இருக்கவில்லை, சிறையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு ஈழத்தமிழர் ஒருவர் முள்வேலி என்ற சொல்லை வாசிக்கும்போது ஆயர் குடியிருப்பு நினைவுக்கு வருவதில்லை. அகராதிகளில் இன்னும் ஏறவில்லை என்பதற்காக இந்தப் பொருளை நாம் விட்டுவிடக் கூடாது.

நெடுங்கணக்கு

வடலி அவர்களின் மறுப்பு நியாயமானது. பழைய வழக்கை வைத்துச் சொன்னதை எல்லாக் காலத்துக்கும் உரியதாகக் கொள்ள முடியாதுதான். காவல் என்ற சொல்லே காப்பதையும் அடைத்துவைப்பதையும் ஒருங்கே குறிப்பதுதானே? ‘சிறைகாக்கும் காப்பு எவன்செய்யும்’ என்று வள்ளுவர் கேட்டதும் இந்த இரட்டைத் தன்மையைத் தொட்டுத்தான். ‘தாலி பெண்ணுக்கு வேலி’ என்ற பேச்சைக் கேட்கும்போது அதைக் காப்பாகக் கொள்பவர்களும் உண்டு, கட்டாகக் கொள்பவர்களும் உண்டு. ‘வேலி தாண்டுதல்’ என்று ஒழுக்கம் மீறுதலைச் சொல்லும் வழக்கும், வேலிக்கு உள்ளே இருப்பவரைக் கண்காணிக்கும் பார்வையிலிருந்தே பிறந்தது.

கிளுவை

பழமொழிகளைப் பற்றி ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்பதை நாம் காவலரும் கணக்கரும் பிடிபடும் செய்திகளுக்குத் தலைப்பாகப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டோம். வேலி மேயாது, எனவே இது நடக்க முடியாததைச் சொல்லும் உருவகம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உயிர்வேலி வைத்த உழவருக்கு இது உருவகம் அன்று. வேலி மரத்தின் வேர் பயிருக்குரிய நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும், நிழல் விழும் ஓரத்தில் கதிர் சிறுக்கும். ஆண்டுதோறும் வேலியைக் கவாத்து செய்யாமல் விட்டால் அது ஒரு முழமாவது வயலுக்குள் இறங்கிவிடும். பழமொழியைக் கட்டியவர்கள் இதைக் கண்ணால் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இப்பழமொழிக்கு நம் காலத்தில் கிடைத்த பெரிய சான்று சீமைக்கருவேலம். அதற்குத் தமிழ்நாட்டில் பல இடங்களில் வழங்கும் பெயர் வேலிகாத்தான். அயல்நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த அந்த முள்மரம் வேலிக்கும் விறகுக்கும் உதவும் என்று வளர்க்கப்பட்டது. இன்று தரிசு, கண்மாய், ஆற்றுப்படுகை என்று எங்கும் அதுவே நிற்கிறது. பெயரில் மட்டும் இன்னும் வேலியைக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஓணான் பழமொழிகளையும் அட்டவணையில் சேர்க்கலாம். ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்பது ஒன்றையொன்று அண்டிப் பிழைப்பவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைக் குறிக்கும். ‘வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்கிறான்’ என்பது வலியத் தொல்லையை வாங்கிக்கொள்பவனுக்கு. செடிப்பெயர்களில் வேலிப்பருத்தி எனப்படும் உத்தாமணிக் கொடி ஒன்று போதும். வேலியில் தானே படர்வதால் பெற்ற பெயர்.

தடுப்பது யாரை என்ற விவாதத்துக்குக் கொங்கு நாட்டிலிருந்து ஒரு செய்தி சேர்க்கிறேன். பயிர் நிலத்துக்கு வேலி போடுவது மாடு உள்ளே வராமல் இருப்பதற்காக. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமாகிய கொரங்காட்டுக்கு முள்கிளுவையால் வேலி போடுவது மாடு வெளியே போகாமல் இருப்பதற்காக. உள்ளே மாடுகளை அவிழ்த்துவிட்டால் மேய்ப்பவர் இல்லாமலே மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே முள், ஒரே வேலை. எந்தப் பக்கம் மாடு நிற்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு.

பக்கத்தலைப்பு

செய்திப் பிரிவில் பிழை திருத்தும் பணியில் இருப்பதால், கேள்வியின் இறுதிப் பகுதியாகிய ‘தடுப்பு வேலி’ என்பதற்கு நான் விடை சொல்வது முறையாக இருக்கும்.

அது மிகையன்று. வேலி என்று மட்டும் எழுதினால் வாசகர் மனத்தில் வருவது தோட்டத்தையோ வீட்டையோ சூழ்ந்து, ஓரிடத்தில் நிலையாக நிற்கும் அடைப்பு. கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவல்துறையினர் சாலையின் குறுக்கே நிறுத்தும் இரும்புச் சட்டம் எதையும் சூழ்வதில்லை, நிலையாக நிற்பதுமில்லை. மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதைக் குறிக்க ‘தடுப்பு’ என்ற அடை வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் அங்கே மிகையாக இருப்பது ‘வேலி’ என்ற சொல்தான். ‘சாலையில் இரும்புத் தடுப்புகள் வைக்கப்பட்டன’ என்று எழுதினாலே போதும். எங்கள் பக்கங்களில் நான் அப்படித்தான் திருத்துகிறேன். காட்டோரத்தில் யானை வராமல் இருக்க நீளமாக அமைப்பது ஓர் எல்லையைத் தொடர்ந்து செல்வதால், அதைத் தடுப்பு வேலி என்று எழுதினால் கைவைக்க மாட்டேன்.

மின்வேலி என்ற சொல்லில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சூரிய ஆற்றலில் இயங்கும் முறையான மின்வேலி விட்டுவிட்டு வரும் குறுந்துடிப்புகளால் விலங்கை அதிரவைத்து விலக்கும், கொல்வதற்காக அமைத்ததன்று. வீட்டு இணைப்பிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ கம்பியை நேரே இழுத்துக் கட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது, மனிதரும் யானைகளும் இறப்பதற்குக் காரணமானது. இரண்டையும் மின்வேலி என்றே எழுதினால், முறையாக அமைத்தவரும் குற்றவாளியாகத் தோன்றுவார். பின்னதை ‘சட்டவிரோத மின்கம்பி’ என்று எழுதுவது நல்லது.

கணினித்துறையில் வலைப்பின்னலுக்குக் காவலாக நிற்கும் மென்பொருளுக்குத் ‘தீயரண்’ என்று பெயர் வைத்தவர்கள் வேலியை விட்டுவிட்டு அரணை எடுத்துக்கொண்டார்கள். அது பொருத்தமான தேர்வு. ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடையது அரண்’ என்ற குறளின்படி அரண் என்பது பகை வரும் என்று எதிர்பார்த்துப் பல அடுக்குகளாக அமைப்பது. வேலியோ ஆடுமாடுகளையும் அக்கம்பக்கத்தாரையும் எதிர்பார்த்து அமைப்பது.